றாக்கையில் இருப்பது விளையாட்டா, வெறும் பெட்டியா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பிளேஸ்டேஷன் 5 கொண்டு வருகிறார். டிஸ்க் போடாத மொடல் விலை குறைவாம். எனக்கு விளையாட்டுகளைச் சேர்த்து வைக்கத்தான் ஆசை. எதை வாங்கச் சொல்வது?
- வாசகர், கொக்குவில்

பதில்: சேர்க்கிற ஆசை என்றால் டிஸ்க் போடுவதையே கேளுங்கள், தம்பி. ஒன்லைன் ஸ்டோரில் வாங்கியதை விற்கவும் முடியாது, மச்சானிடம் மாற்றவும் முடியாது. அங்கே நீங்கள் காசு கொடுப்பது விளையாடும் அனுமதிக்கு மட்டும்தான். வாங்குபவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

ஆனால் டிஸ்க் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் நம்முடையது என்றும் இருந்துவிடாதீர்கள். யூபிசொஃப்ட் கம்பனியின் 'த க்ரூ' 2014இல் வந்த கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஓட்டுவதற்கும் அவர்களுடைய சேர்வர் வேண்டும். 2024 மார்ச் 31உடன் சேர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. நின்டெண்டோ கம்பனியின் ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுப் பெட்டிக்கு வரும் 'கேம் கீ கார்ட்' இன்னொரு கூத்து. கார்ட்டில் இருப்பது திறப்பு மட்டும்தான், விளையாட்டை இன்டர்நெட்டில் இறக்க வேண்டும். விற்கலாம், கைமாற்றலாம் என்பது உண்மை. இறக்கித் தரும் சேர்வர் நின்ற பிறகு அதை யார் வாங்குவார்?

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ரவுட்டரைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைப் போட்டால் விளையாட்டு முடிவு வரை ஓடுமா? ஓடினால் றாக்கையில் வைப்பேன். இந்தக் கணக்கில், ஜீஓஜீ என்ற விற்பனைத் தளத்தில், இன்டர்நெட் இல்லாமலே ஓடும் இன்ஸ்டோலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கும் கம்பியூட்டர்காரர், 'த க்ரூ' டிஸ்க் வைத்திருப்பவரை விடப் பெரிய சொந்தக்காரர். டிஸ்க் பிரியர்கள் கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் எங்கள் ஊரில் ஓடியது பெரும்பாலும் கொப்பி டிஸ்க்தானே! அட்டைப்படமும் போட்டோக்கொப்பி. வீட்டில் எழுதிய டிஸ்க்கில் இருக்கும் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் கெட்டுப்போகும். கம்பனி அச்சடித்தது நின்றுபிடிக்கும், ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். நிமிர்த்தி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள்.

இரண்டு விஷயம் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். புதிய மெலிந்த மொடலில் டிஸ்க் டிரைவ் கழற்றிப் பூட்டக்கூடியது. முதல் தடவை பூட்டும்போது இன்டர்நெட்டில் பதிய வேண்டும், அங்கேயே பதிந்து, ஒரு டிஸ்க் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டு வரட்டும். அடுத்தது, கனடாவில் வாங்கிய டிஸ்க் இங்கேயும் ஓடும். ஆனால் அதற்கான மேலதிகப் பகுதிகளை அந்தப் பிராந்தியத்துப் பிளேஸ்டேஷன் கணக்கில்தான் வாங்கலாம். ஆகவே எல்லாம் அடங்கிய 'கொம்ப்ளீட்' பதிப்பு வந்திருந்தால், பின்பகுதிகளும் டிஸ்க்கிலேயே இருக்கின்றனவா, இறக்குவதற்கான கோட் எழுதிய வெறும் துண்டா என்று பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.