தமிழ் தெரியாத பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் ஆசிரியர் என்ன செய்யலாம்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெயர். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு, அப்படியே கூப்பிடுங்கள். எல்லாரையும் 'இந்திக்காரப் பிள்ளை' என்பது கூடவே கூடாது. ஒடிசாப் பிள்ளை வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஒடியா.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கும்போது, தமிழ் வராத ஒரே காரணத்துக்காகக் கணக்கிலும் அந்தப் பிள்ளையை அரும்பில் உட்கார வைத்துவிடக் கூடாது. புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து அவன் மொழியிலேயே எண்ணச் சொல்லுங்கள். ஒடிசாப் பிள்ளை என்றால் 'ஏக, துய், தினி, சாரி' என்று மளமளவென எண்ணிவிடுவான். மற்ற பிள்ளைகளும் கூடவே சொல்லட்டும். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குள், பீகார் மக்கள் சூரியனை வணங்கும் சத் பூஜை வரும். பீகார்ப் பிள்ளைகள் லீவு போட்டால் திட்டாமல், வந்ததும் அந்தப் பூஜையைப் படமாக வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டுங்கள்.

டி.சி. இல்லை என்று யாராவது சேர்க்கையைத் தள்ளிப்போட்டால் விடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.