லேப்ல 100 லிட்டர், ரிட்டார்ட்ல 70 தான்: பிளான்ல எதை போடுறது?

ஆயில் ஷேல் (சூடாக்கினா எண்ணெய் தர்ற கல்லு) டன்னுக்கு லேப் டெஸ்ட்டான ஃபிஷர் அஸ்ஸேல 100 லிட்டர் எண்ணெய் காட்டுது, உங்க பைலட் ரிட்டார்ட்ல, அதாவது கல்லை சூடாக்கி எண்ணெய் பிரிக்கிற சோதனை உலையில, 70 தான் வருதுன்னு கேக்குறீங்க. 70-ஐயே போடுங்க, 100-ஐ வச்சு பிளான் போட்டா மொத்த கணக்கும் சாஞ்சிடும். ஃபிஷர் அஸ்ஸேன்றது பொடியா அரைச்ச 100 கிராம் சாம்பிளை 500 டிகிரி வரைக்கும் நிதானமா சூடாக்கி எடுக்குற அளவு, உங்க பைலட்ல போறது கட்டி கட்டியா கல்லு, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்.

எனக்கென்னவோ கட்டி சைஸ்தான் காரணம்னு தோணுது. நடுவுல சூடு போய் சேர லேட்டாகும், அங்கேருந்து கிளம்புற ஆவியும் வெளிய வர்றதுக்குள்ள கொஞ்சம் உடைஞ்சு கேஸாவும் கரியாவும் போயிடும்.

செக் பண்ண ஒரு வழி, ரிட்டார்ட்லேருந்து வெளிய வர்ற சக்கைல (எண்ணெய் எடுத்த மீதி கல்லு) பெரிய கட்டியா ஒண்ணு எடுத்து ஆறினப்புறம் சுத்தியலால உடைங்க. ஓரம் கறுப்பு, நடுவுல இன்னும் பழுப்புன்னா வேகவே இல்ல. அந்த சக்கைக்கும் ஒரு ஃபிஷர் அஸ்ஸே போட்டுடுங்க. எண்ணெய் வந்தா உள்ள இருக்குற நேரம் பத்தல, வரலைன்னா ஆவியானப்புறம்தான் போகுது: ஒண்ணு மேல சொன்ன மாதிரி வர்ற வழியிலயே உடைஞ்சிருக்கும், இல்ல ஆவியை குளிர வச்சு எண்ணெயாக்குற கன்டென்சர்ல பிடிபடாம போயிருக்கும், அந்தப் பக்கமும் பாருங்க.

ஒண்ணு மட்டும், அந்த 70 ரிட்டார்ட்டுக்குள்ள போன டன்னுக்கா, வெட்டி எடுத்த டன்னுக்கா? செங்குத்து ரிட்டார்ட்னா தூளை சலிச்சு ஒதுக்கிருப்பீங்க, அப்ப வெட்டின டன்னுக்கு இன்னும் குறையும்.