ஆற்காட்டுக்குப் பசியோடு வாருங்கள்

பழைய ஆற்காட்டில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: அண்ணா, மக்கன் பேடா என்பது குலாப் ஜாமூன்தானே?

கடை வாசலில் நின்று இதைக் கேட்டுவிடாதீர்கள்! கோவா, மைதா, சர்க்கரைப் பாகு எல்லாம் இரண்டுக்கும் பொதுதான். ஆனால் பேடா தட்டையாக இருக்கும். வயிற்றுக்குள் முந்திரி, பாதாம் என்று பருப்புகளை ஒளித்து வைத்திருக்கும். கரண்டியால் அழுத்தினால் மேல்தோல் ஒரு கணம் முரண்டு பிடித்துவிட்டுப் பிளக்கும், பாகு வழியும், நடுவிலிருந்து பருப்பு எட்டிப் பார்க்கும். மக்கன் என்றால் உருதுவில் வெண்ணெய். பெயருக்கேற்ப வாயில் கரையும். ஒன்று போதும். நான் இரண்டாவதை எடுத்து ஒவ்வொரு முறையும் வருந்துகிறேன்.

வேலூர் வாசகி: ஆம்பூர் பிரியாணியும் உங்கள் ஊர் பிரியாணியும் வேறு வேறா?

பங்காளிகள். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டு தம். தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்குப் போய், தேக்சாவின் அடியைச் சுரண்டிப் போட்டதைச் சாப்பிட்டவன் நான். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

கத்திரிக்காய்க் காரக்குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்திரிக்காய் நம் வேலூர்ப் பக்கத்துச் சரக்குதான்.

தண்ணீர்?

பாட்டில் தண்ணீர். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள், கோபம் வரும்.

சாப்பிட்டபின் பார்க்க ஏதாவது?

பாலாற்றங்கரையில் டெல்லி கேட், பழைய ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சியிருக்கும் வாசல். 1751-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் அந்தக் கோட்டைக்குள் சுமார் 50 நாள் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே எங்களுக்குப் போதும் என்று நம் சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. விசுவாசத்துக்குச் சான்றாக ஆங்கிலேயர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை. எனக்கென்னவோ அந்தச் சிப்பாய்களின் பசிதான் நினைவுக்கு வருகிறது.

ரமலான் மாதத்தில் வரலாமா ஐயா?

தாராளமாக. பகலில் சில கடைகள் மூடியிருக்கும். மாலையில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். யார் என்ன மதம் என்று கேட்பதில்லை. பாத்திரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஒரு தூக்குவாளி எடுத்து வாருங்கள்.