டாக்டரம்மா பதில்கள்: அந்த 2 வருடம்

கேள்வி: நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்து நீட் எழுதியிருக்கிறாள். சபை ஸ்பான்சர் மூலம் வேலூர் சி.எம்.சி.க்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் எங்கள் போதகர். ஆனால் படிப்பு முடிந்ததும் 2 வருடம் சபை சொல்லும் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டுமாம். வடக்கே எங்காவது அனுப்பிவிடுவார்களோ என்று அவள் அம்மாவுக்குப் பயம். பீஸ் குறைவு என்பதால் எனக்கு ஆசை. போடலாமா?

- ஒரு தகப்பன், குலசேகரம்

பதில்: கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், வீட்டம்மா இருக்கிறார், போதகரும் இருக்கிறார். பிள்ளை என்ன சொன்னாள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லையே!

சரி, முதலில் பீஸ் விஷயம். மகள் 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மார்க் கைகொடுத்தால் நம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே படிக்கலாம். எந்த வழியில் போனாலும் நீட் மார்க் வேண்டும், போதகர் கடிதம் அதற்கு ஈடாகாது. ஆக, பணம் ஒன்றுதான் காரணம் என்றால் சபைக் கதவைத் தட்டாதீர்கள். பீஸுக்காகச் சேர்ந்தவர்கள் அந்த 2 வருடத்தைக் காலண்டரில் கிழித்துக் கிழித்துக் கழித்ததைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

நானும் பாண்டு எழுதிக் கொடுத்துப் படித்தவள்தான். என்னை அனுப்பியது ஒடிசாவில், மலையடிவாரத்தில் 40 கட்டில் போட்ட ஒரு ஆஸ்பத்திரிக்கு. பாஷை தெரியாது. மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டதற்கு, "ஊழியம்தானே டாக்டர்" என்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அங்கேதான் ஒரு மழை ராத்திரியில், கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண்ணை நாலு பேர் சுமந்து வந்தார்கள். பிரசவம் காலையிலேயே முடிந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. கரண்ட் கிடையாது. டார்ச் பிடித்த வாட்ச்மேன் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வெளிச்சம் சுவருக்குப் போய்விட்டது. "இங்க பிடியும் ஓய்!" என்று நம்மூர்ப் பேச்சிலேயே கத்தினேன். அவருக்கு எப்படியோ புரிந்தது. அதுவரை பேராசிரியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததை அன்று என் கையால் செய்தேன். விடிந்ததும் அவள் மாமியார் ஒரு முறம் நிறைய எதையோ உலர்த்தியதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தின்கிற சாமானா மருந்தா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "இலுப்பைப்பூ, தின்னலாம்" என்று நர்ஸ்தான் சொன்னாள்.

சம்பளம் வராத மாதமும் இலுப்பைப்பூவும் ஒரே ஆஸ்பத்திரியில்தான். ஒன்றை மட்டும் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும்.

எங்கே அனுப்புவார்கள் என்பது ஸ்பான்சர் செய்கிற சபையைப் பொறுத்தது. அதைப் போதகரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். எந்தெந்த ஆஸ்பத்திரி, மாதம் எவ்வளவு, தங்க இடம் உண்டா, இடையில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பாண்டு பேப்பரை மகள் கடைசி வரி வரை படிக்கட்டும். கையெழுத்துப் போடப்போவது அவள்தானே. மேல்படிப்பு தள்ளிப்போகும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். கல்யாணப் பேச்சு எழுந்தால் இன்னும் ஏழெட்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்!

அப்புறம், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மகளை ஒருநாள் கூட்டிப் போங்கள், உங்களுக்குத் தூரமில்லை. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் டாக்டர், அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கும்போதுதான் அங்கே வந்தார். ஒரே ஒரு சர்ஜன், வாசலில் காத்துக்கிடக்கும் கூட்டம். அதைப் பார்த்துத்தான் லண்டன் வேலையை விட்டு இங்கே வேலைக்கு வந்தார். பின்னாளில் வேலூரிலும் சர்ஜரி சொல்லிக்கொடுத்தார். அவர் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. உங்கள் மகளும் ஓ.பி. வரிசையில் காலை முதல் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருங்கள், கூடவே உட்கார வேண்டாம்.

மக்களே, அப்பா இதை உனக்கு வாசித்துக் காட்டினால், அடுத்த கடிதத்தை நீயே எழுது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது, சீக்கிரம்.