பிள்ளையை அனுப்பிவிடுவது

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஹட்டன் கல்வி வலயத்திலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சென்ற தவணையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் அதே வரிசை வீடுகளிலேயே, இருக்கும் உறவுக்காரர் ஒருவரால் தனக்கு நேர்ந்துகொண்டிருப்பதை என்னிடம் சொன்னாள். அதிபரிடம் போனேன். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், முதலில் வீட்டாரோடு பேசுங்கள் என்றார். வீட்டில் பாட்டி அழுதார். தோட்டத் தலைவர் வந்து, "நமக்குள்ளேயே பேசி முடிச்சிருவோம் டீச்சர்" என்றார். கடைசியில் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு நானே அழைத்தேன். இப்போது வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் இருக்கிறது. லயத்தில் எவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எத்தனையோ கருத்தரங்குகளும் சிறுவர் தின ஊர்வலங்களும் நடந்த பிறகும் எங்கள் மக்கள் ஏன் மூடி மறைக்கிறார்கள்? இது அறியாமையா, மானத்துக்கான பயமா? நான் செய்தது சரிதானா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் செய்தது சரி. அதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை. பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை உங்கள் கடிதத்திலிருந்து நீக்கிவிட்டே இங்கே வெளியிடுகிறேன். இதைப் படிக்கும் எவரும் அது எந்தத் தோட்டம் என்று ஆராயவேண்டாம்.

உங்கள் மற்றக் கேள்வியில்தான் நான் வேறுபடுகிறேன். அறியாமை என்ற சொல்லை நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் மிக எளிதாகப் பயன்படுத்துகிறார்கள். நாமும் அதை வாங்கிக்கொண்டோம். லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்று. ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அங்கே தெரியாமல் நடப்பது என்று ஒன்று இல்லை. அவர்கள் நன்றாக அறிந்துதான் பேசாமல் இருக்கிறார்கள், முன்பு முறைப்பாடு செய்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

நானும் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவர், பதினொரு வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். கைக்காசுக்குக் கொழுந்து பறித்துப் பிள்ளையை வளர்த்தவர் அந்தப் பாட்டி. எனக்குச் சிங்களம் பேசத் தெரியும் என்பதால் பொலிஸுக்குத் துணைக்கு வரச்சொன்னார். போனேன்.

பாடசாலைச் சீருடையிலேயே வந்திருந்த பிள்ளை, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தன் கழுத்துப்பட்டியின் முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். முறைப்பாட்டை எழுதிய சார்ஜன் கெட்ட மனிதர் அல்லர். பிள்ளை சாப்பிடவில்லை என்று அறிந்ததும் ஆளனுப்பித் தேநீரும் பணிஸும் வாங்கிக் கொடுத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பிள்ளை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மாமா எங்கிட்ட சேட்டை பண்ணுனாரு" என்றாள். அந்தச் "சேட்டை"க்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்பது பாட்டி வழியில் சொல்லி எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையின் முன்னால் அதை விரித்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சிங்களத்தில் "கரதர களா" என்றேன். தொல்லை கொடுத்தார் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. சார்ஜன் அதையே எழுதினார். பாட்டி கைநாட்டு வைத்தார். நானும் கையொப்பமிட்டேன்.

ஏழு ஆண்டுகளின் பின்னர் மேல் நீதிமன்றத்தில் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி அந்தத் தாளைக் கையில் எடுத்தார். அப்போது அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. "முதல் வாக்குமூலத்தில் தொல்லை என்றுதானே சொல்லியிருக்கிறீர், இப்போது சொல்வதை யார் சொல்லித்தந்தார்கள்?" என்று அவர் கேட்டார். சட்ட வைத்திய அதிகாரியிடம் அவளைக் கொண்டுபோனதே முறைப்பாட்டுக்கு மூன்று வாரங்களின் பின்னர்தான் என்பதால், அறிக்கையிலும் காயம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. எதிரி விடுதலையானார். என்னுடைய அந்த இரண்டு சொற்களை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் லயத்து மக்களின் வாயை அடைத்தது அந்தத் தீர்ப்பு அல்ல. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். முறைப்பாடு செய்த அன்று மாலையே பிள்ளையைப் பாதுகாப்புக்கென்று அழைத்துப் போய், பின்னர் தொலைவில் வேறொரு நகரிலிருந்த சிறுவர் இல்லமொன்றில் சேர்த்தார்கள். இரண்டு கிழமைக்குள் எதிரி பிணையில் வந்து, தன்னுடைய பழைய காம்பராவின் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை இருந்த இல்லத்தில் தமிழ் பேச ஆளில்லை. பக்கத்தில் தமிழ் மொழிமூலப் பாடசாலையும் இல்லை. பாட்டி மூன்று பஸ் மாறிப் பார்க்கப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், பஸ் காசும் போய்விடும். முதலாம் ஆண்டு ஐந்து முறை போனார், இரண்டாம் ஆண்டு இரண்டு முறை. பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. அவள் திரும்பி வந்தபோது தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாய், தன்னுடைய மகளுக்கு அப்படியொன்று நேர்ந்தால் 1929க்கு அழைப்பாரா? குற்றம் செய்தவர் வீட்டில், குற்றத்துக்கு ஆளானவள் வெளியில் என்பதுதான் அவர் கண்ட பாதுகாப்பு.

நம்முடைய நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திச் சிறுவர்களுக்கு எதிரான கொடுமையைத் தனிக் குற்றமாக்கினார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் ஏற்கலாம் என்று 1999லேயே சாட்சியச் சட்டத்தில் இடம் வைத்தார்கள். அது அன்றைக்கு அந்தப் பொலிஸ் நிலையத்தில் நடந்திருந்தால், என்னுடைய வாய் வழியாகப் போகாமல் பிள்ளையின் சொல்லும் அவள் சொல்லாமல் விட்ட மௌனமும் அப்படியே நீதிபதியிடம் போயிருக்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் இருக்கிறது. ஆளுக்கொரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்குப் போகும்போது ஒவ்வொருவரும் பிள்ளையைப் புதிதாகச் சொல்லச் சொல்கிறார்கள். அவள் ஐந்தாவது முறை சொல்லும்போது சலித்துப்போய்ச் சுருக்குகிறாள். அந்தச் சுருக்கம் பின்னர் முரண்பாடாகிறது.

தோட்டத்தில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனித் தபால் முகவரி இன்றும் இல்லை. நீதிமன்ற அழைப்பாணை தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கையில் கொடுத்தனுப்புவார்கள். கொழுந்து மடுவத்துக்கு வந்து சேர்வதற்குள் பத்துப் பேர் பார்த்துவிடுவார்கள். மூடிய நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேண்டிய வழக்கின் நாள் முழுத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடுகிறது.

உங்கள் தோட்டத் தலைவர் சொன்ன "பேசி முடிப்பது" எப்படி முடியும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயிலில் கூடுவார்கள். குற்றம் செய்தவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார், அல்லது ஒரு தொகை கொடுப்பதாக ஒப்புக்கொள்வார். இரண்டு வீட்டுக்கும் நெருக்கமான யாராவது ஒருவர், பிள்ளை இங்கே இருந்தால் பேச்சு ஓயாது, கொழும்பில் நல்ல வீடொன்று இருக்கிறது, அனுப்பிவிடுங்கள் என்பார். பார்த்தீர்களா, அரசாங்கத்தின் முறையும் தோட்டத்தின் முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இரண்டிலும் வீட்டைவிட்டுப் போகிறவள் பிள்ளைதான். பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்யும் தாயுடையவள் என்றால் அந்தத் தாய்க்கும் பழி வந்து சேரும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்பதற்கென்று 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, சிறு பிள்ளைகளின் தாய்மாருக்குப் பயணத்தைத் தடுத்ததே தவிர, பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் ஆண்களைப் பற்றி எந்தத் தாய்க்கும் எந்த உறுதியையும் தரவில்லை.

அப்படிக் கொழும்புக்குப் போகும் வழியின் மறுமுனையில் என்ன இருக்கும் என்பதை நாடு 2021 ஜூலையில் பார்த்தது. மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த நிலையில், தீக்காயங்களுடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரும் கைது செய்யப்பட்டார். அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாவது பிரேத பரிசோதனை செய்தார்கள். மலையக நகரங்கள் எல்லாவற்றிலும் நாம் பதாகை பிடித்தோம். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கியது அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். கட்டாயக் கல்வி வயதை 2016லேயே 16 ஆக்கியிருந்தார்கள். பதினெட்டு வயதுவரை பிள்ளை என்று சமவாயத்தில் கையொப்பமிட்ட நாடு, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையிலுள்ள பெண்பிள்ளையை அன்று ஒரு வீட்டின் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அங்கே எந்த உத்தியோகத்தரும் கதவைத் தட்டவில்லை. தரகர்கள் இன்றும் நம் தோட்டங்களுக்கு வந்துபோகிறார்கள். அவர்களில் அநேகர் நம்மவர்கள் என்பதையும் நாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆகவே ஆசிரியை அவர்களே, லயத்தில் உங்களோடு பேசாமல் இருப்பவர்களிடம் கோபம் கொள்ளவேண்டாம். அவர்கள் குற்றவாளியின் பக்கம் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையை நீங்கள் இழக்கவைத்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பொய்யாகவேண்டும் என்றால், இந்த முறையாவது பிள்ளை அங்கேயே இருக்கவேண்டும், அல்லது அவளுக்குத் தெரிந்த முகங்களுக்கு நடுவில் இருக்கவேண்டும். அதற்குச் சட்டத்தில் வழியிருக்கிறது. யாராவது கேட்டால்தான் அது திறக்கும்.

பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவது ஒன்றே நீதவானுக்கு முன்னுள்ள வழி அல்ல. அந்த 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே, உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுதியான ஆள் ஒருவரின் பொறுப்பில் பிள்ளையை ஒப்படைக்க இடம் தருகிறது. நீங்கள் எனக்குத் தனியாக எழுதியிருந்த அந்த வேறு உறவினர் முன்வருவாரென்றால், அவருடைய பெயரையும் வீட்டு நிலைமையையும் வழக்கு நாளுக்கு முன்னரே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் அது இருக்கவேண்டும். எதிரிக்குப் பிணை கேட்கும்போது, அந்தத் தோட்டத்துக்குள் வரக்கூடாது, பிள்ளையோடும் பாட்டியோடும் தொடர்புகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையை விதிக்கும்படி கேட்கவேண்டும். பொலிஸார் கேட்காவிட்டால் பிள்ளையின் சார்பில் சட்டத்தரணி ஒருவர் எழுந்து கேட்கலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. சாட்சியை மிரட்டுவது அதன்கீழ் தனிக் குற்றம். பிள்ளையின் பாட்டியிடம் யாராவது தொகை பேச வந்தால் திகதியையும் வந்தவரின் பெயரையும் குறித்துவையுங்கள்.

வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று உடனே பாருங்கள். தமிழில் சொல்லித் தமிழில் பதிவுசெய்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், மேலதிக வாக்குமூலம் ஒன்றைத் தமிழில் பதியும்படி எழுத்தில் கேளுங்கள், இந்தக் கிழமையே கேளுங்கள். பிள்ளை உங்களிடம் முதன்முதலில் சொன்ன சொற்களை நீங்கள் அன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைத் திருத்தாதீர்கள், நல்ல தமிழாக்காதீர்கள், கிழித்து வேறு தாளில் பிரதி பண்ணாதீர்கள். அவள் சொன்ன கொச்சையிலேயே அது இருக்கட்டும். அவளிடம் மறுபடி எதையும் கேட்கவும் வேண்டாம். வகுப்பில் எப்போதும்போல் வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிடுங்கள், வீட்டுவேலை செய்யாமல் வந்தால் மற்றப் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் அவளிடமும் கேளுங்கள்.

வழக்கு எந்த நாளில் என்பதை இங்கே கருத்துப் பகுதியில் யாரும் எழுதவேண்டாம். ஆசிரியை அவர்களே, உங்களிடமுள்ள வாக்குமூலப் பிரதியை எனக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஹட்டனில் தமிழில் வாதாடும் சட்டத்தரணிகள் இருவரோடு பேசியிருக்கிறேன். கட்டணம் வாங்காமல் வர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாட்டி நீதிமன்றத்துக்கு வரும் நாளில் அவருக்குப் போகும் பேருக்கான காசை நான் தருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.