ரிப் சுவிட்ச் சும்மா விழுகிறதா? வீட்டு மின்சாரம்: கேள்வி-பதில்

அறை எடுத்துப் படிக்கிறேன். கொம்பியூட்டர் பெட்டியைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது. பக்கத்தில் பிறிட்ஜ் கதவும் அப்படித்தான். வீட்டுக்கார அன்ரியிடம் சொன்னால் "செருப்புப் போட்டுக்கொண்டு தொடு பிள்ளை" என்கிறா.
— மாணவி, கொக்குவில்

செருப்பு வைத்தியத்தை அன்ரியே வைத்துக்கொள்ளட்டும். தங்கச்சி, உங்களில் ஒரு பிழையும் இல்லை. வாடகை வாங்குகிறவர் எர்த் உள்ள பிளக் தரவேண்டும்.

கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் கரண்ட் வரும் லைனில் இருந்தும் அது திரும்பும் நியூட்ரலில் இருந்தும் பெட்டியின் தகட்டுக்கு இரண்டு சிறிய கபாசிற்றர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. இரண்டு சாமானும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தால் இதே கசிவு எர்த் முள்வழியே பிறிட்ஜ் கதவுக்கும் வரும். கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு ரெஸ்ரரைப் பிறிட்ஜின் பெயின்ட் இல்லாத ஆணியில் வைத்துப் பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அப்போதும் ரெஸ்ரரின் விளக்கு எரிந்தால் பிறிட்ஜை இன்றைக்கே நிறுத்துங்கள். கொம்பிரசர் வயரின் உறை பழுதாகி லைன் தகட்டில் முட்டியிருந்தால், எர்த் இல்லாத வீட்டில் முழு 230 வோல்ட்டும் கதவில் நிற்கும். ரெஸ்ரர் எரியாவிட்டாலும் எர்த் இல்லாத குறை அப்படியேதான் இருக்கிறது.

அன்ரிக்கு வாயால் சொன்னது போதாது. படத்தோடு வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வயறிங்காரர் வந்தால் பக்கத்தில் நின்று ஒன்றைப் பாருங்கள்: சொக்கெற்றுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் தொடுத்துவிட்டு "சரி பிள்ளை" என்று போகப் பார்ப்பார். விடாதீர்கள். பிறகொரு நாள் நியூட்ரல் அறுந்தால், பழுதில்லாத பிறிட்ஜும் ஆளை அடிக்கும். சொக்கெற்றில் குத்திப் பார்க்கும் மூன்று விளக்குச் சோதனைக் கருவிக்கும் இந்தக் களவு தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும்.

வேலை நடக்கும்வரைக்கும் 13 அம்பியர் பிளக்கோடு சேர்ந்து வரும் 30 மில்லி அம்பியர் ஆர்சீடி, அதாவது சின்ன ரிப் சுவிட்ச், ஒன்றை வாங்கிக் குத்துங்கள். எர்த் இல்லாத இடத்திலும் உங்கள் உடம்புவழியே மண்ணுக்குக் கரண்ட் போகத் தொடங்கியதும் அது வெட்டும். அறை மாறும்போது கையோடு கொண்டுபோகலாம்.

13 அம்பியர் பிளக்குக்குள் பியூஸ் போய்விட்டது. வெள்ளிப் பேப்பர் சுற்றி ஓடுகிறது. பிரச்சினை வருமா?
— வாசகர், மானிப்பாய்

வரும். பியூஸ் ஒரு பிளேன்ரீயின் காசுக்குள் அடங்கும் சாமான். மேசை விளக்கு, வானொலி போன்றவற்றுக்கு 3 அம்பியர். கேத்தில், அயனுக்கு 13.

லண்டன் மாமா தந்த எக்ஸ்டென்ஷனில் கேத்தில், அயன், ரைஸ் குக்கர் மூன்றும் குத்தியிருக்கிறோம். காலையில் கருகின மணம் வருகிறது. இங்கிலாந்துச் சாமான், நல்லது தானே?
— குடும்பத்தலைவி, சுன்னாகம்

கேத்தில் 2000 வாட், அயன் 1200, ரைஸ் குக்கர் 700. கூட்டினால் 3900. 230 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 17 அம்பியர். எந்த நாட்டில் வாங்கினாலும் 13 அம்பியர் பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் 13 அம்பியருக்குத்தான். 17 அம்பியரில் 13 அம்பியர் பியூஸ் உடனே போகாது, நெடுநேரம் நின்றுபிடிக்கும். அந்த நேரம் முழுக்க முள்ளும் பிடியும் வேகும். மணம் வந்தபிறகும் "நல்லது தானே" என்று கேட்கிறீர்கள், அம்மா. முள் கறுத்திருந்தால் எக்ஸ்டென்ஷனையும் அது குத்தியிருந்த சுவர்ச் சொக்கெற்றையும் சேர்த்து எறியுங்கள். உள்ளே பித்தளைப் பிடி ஒருமுறை சூட்டில் இளகினால் திரும்ப இறுகாது.

மாரி தொடங்கினால் ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுகிறது. வந்த வயறிங்காரர் அதைக் கழற்றாமல் இரண்டு வயரால் நேரடியாகக் குடுத்துவிட்டார். இப்போது ஒரு கரைச்சலும் இல்லை. ஆனாலும் மனைவி உங்களிடம் கேட்கச் சொன்னா.
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், சாவகச்சேரி

மனைவிக்கு நன்றி சொல்லுங்கள். கரைச்சல் போகவில்லை ஐயா, கரைச்சலைச் சொல்லுகிற வாயைத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை, ஆகையால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ரிப் சுவிட்ச் சும்மா விழாது. லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல்வழி திரும்பி வருகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தாண்டமுன்னம் வெட்டிவிடும். வித்தியாசம் எங்கே போயிற்று? மண்ணுக்கு. நனைந்த கேற் விளக்கு வழியாக, கிணற்றடி மோட்டர் வழியாக, அல்லது ஒரு மனிதர் வழியாக.

"பியூஸ் இருக்குத்தானே, எம்சீபி இருக்குத்தானே" என்பார்கள். எம்சீபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழுகிற சின்னச் சுவிட்ச். கணக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் எர்த் என்பது வீட்டுக்காரர் தாமே மண்ணுக்குள் அடித்த கம்பிக் கூர். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே சுண்ணாம்புக்கல் முட்டும். கூர் அதற்குக் கீழே இறங்காவிட்டால் மிச்சத்தை அறுத்து எறிந்துவிட்டு மேலே சீமெந்து பூசுவதை நம் ஊர் வேலையில் தாராளமாகக் காணலாம். அப்படிப்பட்ட எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள். லைன் முழுதாக மோட்டர் உடம்பில் முட்டினாலும் ஓடுவது 230 ஐ 100 ஆல் பிரித்து வரும் 2.3 அம்பியர். 16 அம்பியர் எம்சீபிக்கு அது கணக்கே இல்லை. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடம்பு கரண்டோடு இருக்கும், தண்ணீர் மொள்ள வருகிற பிள்ளை தொடும். அதே 2.3 அம்பியர், 30 மில்லி அம்பியரைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். கண்மூடித் திறக்கமுன் ரிப் சுவிட்ச் வெட்டும். நம் மண்ணுக்கு அது ஆடம்பரச் சாமான் அல்ல.

சரி, இனி எங்கே கசிகிறது என்று பிடிப்போம். முதலில் அந்த நேரடி வயர்களைக் கழற்றச் சொல்லுங்கள், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு. பிறகு எல்லா எம்சீபியையும் கீழே போட்டு ரிப் சுவிட்சை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்சீபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அதில் குத்தியிருக்கும் சாமான்களை எல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்திப் பாருங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும்.

எல்லா எம்சீபியும் கீழே இருக்கும்போதே விழுகிறதா? வயறிங்காரர்கள் இந்த இடத்தில்தான் "ரிப் சுவிட்ச் பழுது" என்று தீர்ப்புச் சொல்லி நேரடியாகக் குடுப்பது. எம்சீபி லைனை மட்டுமே வெட்டும். நியூட்ரல் அப்படியே தொடுத்தபடி இருக்கும். எங்கேயோ நியூட்ரல் வயர் எர்த்தில் அல்லது ஈரச் சுவரில் முட்டுகிறது. நியூட்ரல்களைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேட வேண்டும். அது வயறிங்காரர் வேலை, மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவி உள்ளவரைக் கூப்பிடுங்கள். மழையோடு வந்து வெயிலோடு போகும் கசிவு என்றால் மதில் விளக்கு, வெளிச் சொக்கெற், மோட்டரின் வயர்த் தொடுப்பு ஆகியவற்றை முதலில் திறந்து பார்க்கலாம். ரேப் மட்டும் சுற்றிய தொடுப்பு ஐப்பசி மழைக்கு நிற்காது. சுவிட்ச் பெட்டிக்குள் பல்லியும் சிற்றெறும்பும் செய்கிற வேலையும் உண்டு.

புதிதாக வாங்குவதென்றால் முகப்பில் 30 மில்லி அம்பியர் என்று இருக்க வேண்டும். 100 என்று எழுதியது தீக்கு உதவும், ஆளுக்கு உதவாது. 40 அம்பியர் சாதாரண வீட்டுக்குப் போதும். ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். இன்னொன்று: ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால் ரிப் சுவிட்சுக்கும் தெரியாது. அதை நம்பிக் கரண்டோடு வேலை செய்யக்கூடாது.

எர்த் கூரைத் திரும்ப அடிக்கும்போது கிணற்றடித் தண்ணீர் பாயும் வாழைப்பாத்திப் பக்கம் இடம் பாருங்கள். ஈரம் நிற்கும், மண்ணும் ஆழமாக இருக்கும். ஒரு கூர் இறங்காவிட்டால் கூரின் நீளமளவு தள்ளி இன்னொன்று அடித்துத் தொடுக்கலாம். உப்புக் கொட்டினால் தடை குறையும், கூரும் தொடுப்பும் கெதியாய் அரித்துப்போகும்.

கரண்ட் பில் பாதியாகும் என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். பிளக்கில் குத்தினால் போதுமாம். வாங்கலாமா?
— இளைஞர், நல்லூர்

என் லாச்சிக்குள் ஒன்று கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். திறந்து பார்த்தால் ஒரு கபாசிற்றர், ஒரு பச்சை எல்ஈடி, அவ்வளவுதான். வீட்டு மீற்றர் எண்ணுவது யூனிற்றை, அதாவது ஆயிரம் வாட் ஒரு மணித்தியாலம் ஓடிய கணக்கை. கபாசிற்றரால் அதில் ஒன்றும் குறையாது. அந்த எல்ஈடியின் கரண்டும் உங்கள் பில்லில்தான்.

புது வீட்டு வயறிங்குக்கு 7/0.67 என்று சொல்லிப் பத்துச் சுருள் வாங்கினேன். கடைக்காரர் தெரிந்தவர். பாதி வேலை முடிந்தபிறகு வயறிங்காரர் கத்தியால் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளை. கடையில் கேட்டால் "விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டம்" என்கிறார்கள்.
— வீடு கட்டுபவர், வல்வெட்டித்துறை

மனம் கொதிக்கிறது. செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு விலைக்குத் தந்திருக்கிறார்கள். அதே தடிப்பில் அது செம்பின் அளவு கரண்ட் தாங்காது, ஆணிக்குக் கீழே நசுங்கி நாளடைவில் தளரும், தளர்ந்த இடம் சூடேறும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் இன்னும் கெதியாக.

ஆத்திரப்பட்டு அறுத்து எறிய வேண்டாம், அவைதான் சாட்சி. சுரண்டின துண்டு, மிச்சச் சுருள், உறையில் உள்ள எழுத்து, பில், எல்லாவற்றையும் படம் எடுங்கள். மிச்சச் சுருள் ஒன்றைத் தராசில் வையுங்கள். 7/0.67 என்பது 0.67 மில்லிமீற்றர் இழை ஏழு, மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். 100 மீற்றர் சுருளில் செம்பு மட்டுமே 2.2 கிலோ வரவேண்டும், பிளாஸ்ரிக் உறை அதற்கு மேலே. அலுமினியம் என்றால் 700 கிராம் அளவில்தான் நிற்கும். உறையோடு சேர்த்தே 2.2 வராத சுருளை எந்தக் கடைக்காரரும் செம்பு என்று சாதிக்க முடியாது.

பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். தொலைபேசி 1977. "திரும்ப எடுக்க மாட்டம்" என்ற பலகையைக் காட்டிப் பொய்ச் சாமானை உங்கள் தலையில் கட்ட முடியாது. சுவருக்குள் போய்விட்ட வயரையும் இழுத்து எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் ஓடியிருந்தால் பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுக்கலாம், சுவர் உடைக்கத் தேவையில்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு: உறையில் இலங்கைத் தர நியமமான எஸ்எல்எஸ் 733 என்று அச்சிருக்க வேண்டும், பில்லில் பிராண்டும் அளவும் எழுதியிருக்க வேண்டும். "வயர் 10 சுருள்" என்று மட்டும் எழுதித் தரும் பில்லை வாங்காதீர்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்பது உத்தரவாதம் அல்ல.

ஜேர்மனியில் இருந்து அக்கா நல்ல அயன் ஒன்று கொண்டுவந்தா. கனடாவில் இருந்து அண்ணாவின் மிக்ஸியும் இருக்கிறது. அடப்டர் போட்டால் ஓடுமா?
— வாசகி, கோண்டாவில்

அயன் ஓடும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். ஆனால் ஜேர்மன் பிளக்கின் எர்த் அதன் இரண்டு பக்கத் தகட்டில் இருக்கிறது, மலிவு அடப்டரில் அது எதிலும் முட்டாது. முனையை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் பூட்டுங்கள்: மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். மிக்ஸி 120 வோல்ட். குத்தினால் ஒருமுறை நல்ல வேகமாகச் சுற்றும், பிறகு சுற்றாது.

இரவு ஏழு மணிக்குப் பிறகு ஹோலில் லைற் கண் கூசுகிறமாதிரி எரிகிறது, குசினியில் மங்குகிறது. மூன்று பேஸ் வீடு. ஸ்ரபிலைசர் எத்தனை வாங்க வேண்டும்?
— வாசகர், பருத்தித்துறை

ஒன்றும் வாங்காதீர்கள். மெயினை இப்போதே இறக்குங்கள். நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது, மீற்றரடியில் அல்லது வெளிக் கம்பியில். நியூட்ரல் முழுதாக அறுந்தால் 400 வோல்ட் இரண்டு பேசுக்கும் நடுவே பங்குபட்டு, ஒரு பக்கம் 300 க்கு மேலும் ஏறலாம். முதலில் போவது ரீவியும் பிறிட்ஜும். மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987 க்குப் போன் எடுத்து "நியூட்ரல் லூஸ்" என்றே சொல்லுங்கள். "லைற் மங்குது" என்றால் வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

கிணறு இறைத்துக் கலக்க வேண்டும். மோட்டர் ஓட ஓட ஆள் இறங்கலாமா?
— வாசகர், காரைநகர்

இல்லை. தண்ணீரை இறைத்து முடித்து, பிளக்கைக் கழற்றி, இறங்குகிறவரே அதைப் பார்த்தபிறகு இறங்கட்டும். கழற்றின பிளக் மேலே நிற்கிறவரின் கையில் இருக்க வேண்டும்.