வாசகர் கேள்வி-பதில்: சின்னஞ்சிறு சில்லுக்குள் எந்தப் பிராசஸரைக் குடிவைப்பது?

கேள்வி: ஏடிமெகா328பி என்ற 8-பிட் மைக்ரோகண்ட்ரோலரை (ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியை)க் கொண்டு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்திருக்கிறேன். பயனர்கள் தாங்களே எழுதும் சிறு நிரல்களை எஸ்டி கார்டிலிருந்து ஏற்றி ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம். இதற்காக இசட்80, 6502, ரிஸ்க்-5 ஆகிய பிராசஸர்களுள் ஒன்றுக்கு எமுலேட்டர் (அதைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) எழுதலாமா, அல்லது சொந்தமாக ஒரு விர்ச்சுவல் மெஷினை (மெய்நிகர் எந்திரத்தை) வடிவமைக்கலாமா?

பதில்: உங்கள் சில்லு ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள கட்டளைகளை மட்டுமே நேரடியாக இயக்கும்; ராமில் ஏற்றிய நிரலை அதனால் இயக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதலாம் என்றால், 10,000 முறை அழித்து எழுதுவதுவரைதான் அது தாங்கும் என்றே உற்பத்தியாளர் உறுதி தருகிறார். ஆகவே நடுவில் ஒரு மெய்நிகர் எந்திரம் வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானதே.

பலர் வேகத்தை முதலில் பார்க்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ராம். உங்களிடம் இருப்பது 2 கிலோபைட். எஸ்டி கார்டின் ஒரு தொகுதியை முழுமையாக வைத்துக்கொள்ள 512 பைட் போய்விடும். அடுக்கு (ஸ்டாக்), மாறிகள் போக, பயனர் நிரலுக்கு 1 கிலோபைட் மிஞ்சினால் நல்லது. ரிஸ்க்-5 கட்டளை ஒவ்வொன்றும் 4 பைட் என்பதால் அந்த இடத்தில் 256 கட்டளைகளே அடங்கும். அதன் 32 ரிஜிஸ்டர்களுக்கு (பிராசஸர் கணக்கிடும் எண்களை வைத்துக்கொள்ளும் இடங்களுக்கு) மேலும் 128 பைட் வேண்டும். சுருக்கக் கட்டளைகளைச் சேர்த்தால் நிரல் சிறுக்கும், ஆனால் அவற்றைப் பிரித்தறியும் வேலை கூடும். நல்ல கம்பைலர் கிடைக்கிறது என்பதற்காக இந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வேகத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமிலிருந்து ஒரு கட்டளையை எடுக்க 2 சுழற்சி (சில்லின் கடிகாரத் துடிப்பு), ஃபிளாஷில் உள்ள அட்டவணையிலிருந்து அதற்குரிய முகவரியின் இரண்டு பைட்டுகளைப் படிக்க 6, அங்கே தாவ 2. ஆக உண்மையான வேலை தொடங்கும் முன்பே குறைந்தது 10 சுழற்சிகள் செலவாகின்றன. பிறகு ராமில் உள்ள இரண்டு 32-பிட் எண்களைக் கூட்டி மீண்டும் ராமில் வைக்க, 8 பைட்டுகளைப் படித்து, நான்கு முறை கூட்டி, 4 பைட்டுகளை எழுத வேண்டும். அது மட்டும் 28 சுழற்சிகள். அதே கூட்டல் 8-பிட் எண்களுக்கு 7 சுழற்சிகளில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் 8-பிட் பிராசஸரான இசட்80 கவர்ச்சியாகத் தோன்றும். பழைய பிராசஸர்களை எமுலேட் செய்வதில் கொடிகளை (விடை பூஜ்யமா, மிகுதி உண்டா போன்றவற்றைக் காட்டும் பிட்டுகளை) கணக்கிடுவதே பெரும் சுமை. ஆனால் உங்கள் சில்லின் நிலை ரிஜிஸ்டரிலேயே பாதி-மிகுதிக் கொடி (கீழ் 4 பிட்டுகளிலிருந்து வரும் மிகுதியைக் காட்டுவது) உள்பட அவற்றுள் பெரும்பாலானவை கிடைக்கின்றன. இரட்டைப்படைக் கொடிக்கு (1 ஆக உள்ள பிட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா எனக் காட்டுவதற்கு) மட்டும் ஃபிளாஷில் 256 பைட் அட்டவணை ஒன்றை வைத்தால் போதும். இந்தச் சலுகை அசெம்பிளியில் (சில்லின் சொந்தக் கட்டளைகளில்) எழுதுபவருக்கே கிடைக்கும். சி மொழியில் எழுதினால் ஒவ்வொரு கொடியையும் நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும். நான் ஒருமுறை சி மொழியில் இசட்80 எழுதியபோது, பெரும்பகுதி நேரத்தைக் கொடிகளே விழுங்கின.

ஆனால் பழைய இசட்80, 6502 நிரல்களை ஓட்டுவது உங்கள் நோக்கம் அன்று. சென்சாரைப் படிப்பதும், ஒப்பிடுவதும், ரிலேயை இயக்குவதுமே வேலை என்றால், சொந்த பைட்கோட்தான், அதாவது உங்கள் மெய்நிகர் எந்திரத்துக்கென நீங்களே வகுக்கும் கட்டளைத் தொகுப்புதான், பொருத்தம். அடுக்கை அடிப்படையாகக் கொண்டு 30 கட்டளைகளுக்குள் வடிவமைத்து, ‘இந்தச் சென்சாரைப் படி’, ‘இத்தனை மில்லி வினாடி காத்திரு’ போன்ற பெரிய வேலைகளை ஒரே பைட்டில் வையுங்கள். அப்போது முன்சொன்ன 10 சுழற்சிச் செலவு ஒரு பொருட்டாகவே இராது. இந்த யோசனை புதிதன்று: 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியில், 16-பிட் வேலைகளுக்காக அதன் வடிவமைப்பாளர் ஸ்டீவ் வாஸ்னியாக் எழுதிய ஸ்வீட்16 என்ற மெய்நிகர் எந்திரம் சுமார் 300 பைட்டுகளில் அடங்கியது, வேகத்தைக் கொடுத்து இடத்தை வாங்கியது.

பயனர் நிரல் தவறான முகவரியில் எழுதிக் கருவியையே முடக்கிவிடாதபடி, மெய்நிகர் நினைவகத்தைச் சரியாக 1,024 பைட்டாக வைத்து, ஒவ்வொரு முகவரியையும் 1,023 உடன் பிட் பிட்டாக ‘அண்ட்’ செய்துவிடுங்கள்; முகவரி எதுவானாலும் 0 முதல் 1,023-க்குள் அடங்கிவிடும். எல்லை மீறியதா என்று ஒப்பிட்டுக் கிளை பிரிவதைவிட இது மலிவு. இதை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ராம் போதாவிட்டால் வெளியிலிருந்து சேர்க்கலாமா?

பதில்: 23எல்சி1024 என்ற சில்லு 128 கிலோபைட் தரும். ஆனால் ஏதேனும் ஒரு பைட்டைப் படிக்கக் கட்டளை 1, முகவரி 3, தரவு 1 என 5 பைட்டுகள் எஸ்பிஐ (பிட் பிட்டாகத் தரவு அனுப்பும் இணைப்பு) வழியே போய்வர வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்குக் குறைந்தது 5 மைக்ரோவினாடி, அதாவது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் உங்கள் சில்லின் 80 சுழற்சிகள், ஆகும். நிரலை அதில் வைத்துத் தொடர்ச்சியாகப் படிக்கலாம். அடிக்கடி மாறும் தரவை உள் ராமிலேயே வைப்பது நல்லது.

கேள்வி: இதையெல்லாம் கணினியிலேயே சோதிக்க க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டர் மென்பொருள் போதுமா?

பதில்: நிரலின் தர்க்கத்தைச் சோதிக்கப் போதும். 2020-இல் வெளிவந்த 5.1 பதிப்பிலிருந்து அதில் ஏவிஆர் (உங்கள் சில்லின் குடும்பம்) ஆதரவு உண்டு. ஆயினும் சுழற்சிக் கணக்கைத் துல்லியமாகக் காட்டுவது அதன் நோக்கம் அன்று. உங்களுக்குத் தேவை அந்தக் கணக்கே என்பதால், சுழற்சிகளை எண்ணுவதும் பின்களின் அலைவடிவத்தைக் கோப்பாகத் தருவதுமான சிம்ஏவிஆர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கட்டளைச் சுழலை அதில் ஓட்டி, ஒவ்வொரு பைட்கோடுக்கும் எத்தனை சுழற்சி என்று குறித்துக்கொண்ட பிறகு கருவியில் ஏற்றுங்கள்.